கடல்மேல் ஒரு எஃப்.ஐ.ஆர்.

வழக்கு முடிந்துவிட்டது. குற்றவாளி யாரும் இல்லை. ஃபுகுஷிமா தாயிச்சி அணுமின் நிலையத்தை நடத்திய டெப்கோ கம்பெனியின் முன்னாள் பெரிய தலைகள் நிரபராதிகள் என்று 2025 மார்ச்சில் ஜப்பானின் உச்ச நீதிமன்றம் கடைசி முத்திரையைக் குத்திவிட்டது. குற்றம் சாட்டப்பட்டவர்கள் மூன்று பேர். அவர்களில் கம்பெனியின் சேர்மனாக இருந்த கட்சுமாதா அந்த நல்ல செய்தியைக் கேட்காமலேயே முந்தைய அக்டோபரில் காலமாகிவிட்டார். அரசாங்கத்துக்கும் பொறுப்பில்லை என்று 2022லேயே அதே நீதிமன்றம் சொல்லியாகிவிட்டது.

மூன்று உலைகள் உருகின. மூன்று கட்டடங்கள் வெடித்தன. ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் அடுப்பில் வைத்ததை அப்படியே விட்டுவிட்டு ஓடினார்கள். ஆனால் யாரும் எதுவும் செய்யவில்லை. மிச்சமிருக்கிற ஒரே சந்தேக நபர் பசிபிக் பெருங்கடல்தான். அதன்மேல் எஃப்.ஐ.ஆர். போடுவதைத் தவிர வேறு வழியில்லை.

குற்றச்சாட்டு தெளிவானது. நிலையத்தின் கோப்பில் மேற்படி கடலுக்கு அனுமதிக்கப்பட்டிருந்த அலை உயரம் 3.1 மீட்டர். 1960ல் சிலியில் கிளம்பி ஜப்பான் கரைக்கு வந்த ஒரு சுனாமியை அளந்து நிர்ணயித்தது அது. 2002ல் பெரிய மனது வைத்து 5.7 மீட்டராக உயர்த்தினார்கள். 2009ல் 6.1. இவ்வளவு சலுகை கொடுத்தும், 2011 மார்ச் 11 பிற்பகல் மூன்றரை மணியைத் தாண்டியதும், எதிரி யாரிடமும் அனுமதி பெறாமல் ஏறத்தாழ 14, 15 மீட்டர் உயரத்தில் வளாகத்துக்குள் அத்துமீறி நுழைந்து, அடித்தளத்தில் சமர்த்தாக இருந்த டீசல் ஜெனரேட்டர்களையும் மின் பலகைகளையும் மூழ்கடித்தது.

எதிரிக்கு வக்கீல் வைக்க வசதியில்லை என்பதால் நானே பேசிவிடுகிறேன்.

கனம் கோர்ட்டார் அவர்களே, என் கட்சிக்காரர் திடீரென்று வந்தவர் அல்ல. கி.பி. 869ல் ஒருமுறை வந்திருக்கிறார். அதை அந்நாட்டு அரச ஆவணம் எழுதிவைத்திருக்கிறது. செண்டாய் சமவெளியில் தோண்டினால் கடற்கரையிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே அவர் கொண்டுவந்து கொட்டிய மணல் இன்றும் கிடைக்கிறது. 1896ல் வந்து சன்ரிக்கு கரையில் ஏறக்குறைய 22,000 பேரைக் கொண்டுபோனார். 1933ல் மறுபடி வந்தார். அதற்குப் பிறகு அநெயோஷி என்ற குக்கிராமத்து மக்கள், இதற்குக் கீழே வீடு கட்டாதே என்று ஒரு கல்லில் வெட்டி நட்டுவைத்தார்கள். 2011 அலை அந்தக் கல்லுக்குக் கீழேயே நின்றுவிட்டது. அங்கே ஒழுங்குமுறை ஆணையம் கிடையாது, நிபுணர் குழு கிடையாது, பவர்பாயிண்ட் கிடையாது. ஒரு கல். அதைப் படித்துப் பார்த்துக் கேட்டு நடந்த சில குடும்பங்கள்.

மின் கம்பெனி என்ன செய்தது? நிலையம் கட்டத் தேர்ந்தெடுத்த இடத்தில் இயற்கையாகவே 35 மீட்டர் உயரத்தில் ஒரு மேட்டுக்கரை இருந்தது. அதை வெட்டி 10 மீட்டராக்கினார்கள். கனரக இயந்திரங்களைக் கப்பலிலிருந்து இறக்க வசதி, கடல்நீரை மேலே ஏற்ற மின்சாரம் மிச்சம். அதாவது சுனாமியிலிருந்து காக்கும் சுவரைக் கடவுளோ பூமியோ இலவசமாகக் கட்டிக் கொடுத்திருந்தது. அதைக் காசு கொடுத்து இடித்தார்கள். பிறகு, கரண்டு போனால் உலைகளைக் குளிர்விக்க வேண்டிய ஜெனரேட்டர்களில் பெரும்பாலானவற்றை, கடலைப் பார்த்து நிற்கும் கட்டடங்களின் அடித்தளத்தில் வைத்தார்கள். மழை எச்சரிக்கை வந்தால் வேளச்சேரிக்காரர் காரைக் கொண்டுபோய் மேம்பாலத்தில் நிறுத்துகிறார். அதற்காக அவர் அணு இயற்பியல் படித்ததில்லை.

இதில் ஒரு ஜெனரேட்டர் மட்டும் தொடர்ந்து ஓடியது. ஆறாவது உலைக்கான அது கொஞ்சம் உயரத்தில் இருந்தது. கடல்நீர் வேண்டாமல் காற்றால் குளிர்வது. அந்த ஒன்றை வைத்துக்கொண்டு ஐந்தாம் உலையையும் ஆறாம் உலையையும் காப்பாற்றிவிட்டார்கள். கொஞ்சம் உயரம். அவ்வளவுதான் கேட்டது.

என் கட்சிக்காரர் அனுப்பிய இன்னொரு நோட்டீஸ் நம் ஊர் வழியாகப் போனது. 2004 டிசம்பர் 26 காலை கல்பாக்கத்தில் அணுமின் நிலையத்தின் இரண்டாவது உலை ஓடிக்கொண்டிருந்தது. கடல்நீர் எடுக்கும் சுரங்கம் வழியாகவே சுனாமி உள்ளே ஏறி, பம்ப் ஹவுஸை நிரப்பிவிட்டது. உலையை நிறுத்தினார்கள், அது பாதுகாப்பாகவே நின்றது. பக்கத்தில் ஈனுலைக்குத் தோண்டியிருந்த அஸ்திவாரக் குழி குளமாயிற்று. ஊழியர் குடியிருப்பிலும் சுற்றியிருந்த குப்பங்களிலும் உயிர்கள் போயின. உலகம் பார்த்தது. சர்வதேச அணுசக்தி முகமை 2005ல் கல்பாக்கத்திலேயே வெள்ள அபாயம் பற்றி ஒரு பயிலரங்கம் நடத்தியது.

ஜப்பானும் பார்த்தது. கல்பாக்கத்தில் நடந்தது இங்கே நடந்தால் என்ன ஆகும் என்று ஆராய, அங்கே ஒழுங்குமுறை அதிகாரிகளும் மின் கம்பெனிக்காரர்களும் சேர்ந்து 2006ல் ஒரு குழுவாக உட்கார்ந்தார்கள். அந்த ஆண்டு மே மாதம் டெப்கோவே விடை சொன்னது: 10 மீட்டர் அலை வந்தால் கடல்நீர் பம்புகள் போகும், 14 மீட்டர் வந்தால் கட்டடத்துக்குள் வெள்ளம் புகுந்து மின்சாரம் மொத்தமும் போகும். கல்பாக்கத்தை ஒட்டிய சதுரங்கப்பட்டினம் கரையில் மீனவன் உயிரைக் கொடுத்து எழுதிய வினாத்தாளுக்கு டோக்கியோவில் நூற்றுக்கு நூறு மார்க் வாங்கியிருக்கிறார்கள். விடைத்தாளை மடித்து மேஜை டிராயரில் வைத்துவிட்டார்கள்.

டிராயர் பெரியது. 2008ல் கம்பெனி இன்னொரு கணக்கையும் போட்டது. அரசின் நிலநடுக்க ஆராய்ச்சித் தலைமையகம் 2002ல் வெளியிட்ட நீண்டகால மதிப்பீட்டை எடுத்துக்கொண்டு கணக்கிட்டால், ஃபுகுஷிமா தாயிச்சிக்கு வரக்கூடிய அலை 15.7 மீட்டர். தசமப் புள்ளி வரைக்கும் வந்துவிட்டது. அடுத்து ஒரு சுவர் கட்ட வேண்டும், அல்லது ஜெனரேட்டரை மேட்டில் ஏற்ற வேண்டும். சுவருக்குப் பணம் ஆகும், காலம் ஆகும். அதைவிடப் பெரிய தொல்லை, ஏன் கட்டுகிறீர்கள் என்று ஊர்க்காரன் கேட்பான். அந்த ஆண்டு ஜூலையில் நடந்த ஒரு கூட்டத்தில் அப்போதைய மூத்த நிர்வாகி முட்டோ ஒரு முடிவெடுத்தார். ஆபத்தான எண் கையில் கிடைத்தால் உலகெங்கும் அதிகாரிகள் எடுக்கும் முடிவுதான்: ஒரு கமிட்டிக்கு அனுப்பு. சிவில் பொறியாளர் சங்கத்தின் குழுவிடம் ஆராயச் சொன்னார். அந்தக் குழுவில் மின் கம்பெனிக்காரர்களே நிறையப் பேர். ஆய்வுச் செலவும் மின் துறையுடையது. 2009 ஜூனில் அரசுக் குழு ஒன்றில் நிலவியலாளர் ஒருவர், 869ல் வந்ததை ஏன் கணக்கில் சேர்க்கவில்லை என்று எழுந்து கேட்டார். கூட்டக் குறிப்பில் அது பதிவானது. கேள்விகளைப் பத்திரமாகப் பதிவு செய்வதில் அவர்களை மிஞ்ச ஆளில்லை.

அந்த 15.7 மீட்டர் கணக்கை ஒழுங்குமுறை அமைப்பிடம் கம்பெனி ஒருவழியாகக் கொண்டுபோய்க் கொடுத்த தேதி 2011 மார்ச் 7. நான்கு நாள் கழித்துக் கடலே நேரில் வந்து சரிபார்த்துக் கொடுத்தது. பிழை ஒரு மீட்டர்தான். இவ்வளவு துல்லியமாகச் சுனாமியைக் கணித்த கம்பெனி உலகில் வேறில்லை. இவ்வளவு உறுதியாக, கணிக்க முடியாது என்று கோர்ட்டில் சொன்ன கம்பெனியும் இல்லை.

அந்த ஒழுங்குமுறை அமைப்பு எங்கே இருந்தது தெரியுமா? அணுமின்சாரத்தை வளர்க்க வேண்டிய அதே அமைச்சகத்தின் மடியில். அதற்கு மேலே இருந்த அணுப் பாதுகாப்பு ஆணையம் 1990ல் ஒரு வழிகாட்டுதல் தந்திருந்தது: மின்சாரம் மொத்தமாக நெடுநேரம் போய்விடுவதைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை, ஏனென்றால் மின்கம்பியைச் சரிசெய்துவிடுவார்கள் அல்லது ஜெனரேட்டர் ஓடும் என்று. இதை எழுதியவர் யாரோ, நம் மின்வாரிய அலுவலகத்துக்கு ஒரு முறையாவது போன் போட்டுப் பார்த்திருக்கலாம்.

சரி, அன்றைக்கு என்ன ஆயிற்று என்று பார்ப்போம். உலகத்தின் மிகப் பெரிய தனியார் மின் கம்பெனிகளில் ஒன்று. அதன் கட்டுப்பாட்டு அறையில் கும்மிருட்டு. ஊழியர்கள் டார்ச் விளக்கைப் பிடித்துக்கொண்டு செத்துப்போன மீட்டர்களைப் பார்க்கிறார்கள். கார் நிறுத்துமிடத்துக்கு ஓடி, நின்றிருந்த கார்களின் பேட்டரிகளைக் கழற்றிக்கொண்டு வந்து ஒயரால் முடிச்சுப் போட்டு, உலைக்குள் நீர்மட்டம் என்ன என்று படிக்கிறார்கள். அதுவும் போதவில்லை, வெளியே போய் பேட்டரி வாங்கி வர வேண்டும். கையில் ரொக்கம் இல்லை. யாரிடமாவது பணம் இருந்தால் கடன் கொடுங்கள் என்று அவசர அறையில் அறிவிப்பு வருகிறது. கம்பெனியின் வீடியோ கான்பரன்ஸ் பதிவில் அது இருக்கிறது. கதிர்வீச்சு எகிறிக்கொண்டிருக்கும்போது அந்தத் தொழிலாளிகள் சட்டைப்பையைத் துழாவியிருக்கிறார்கள்.

அந்தக் கம்பெனியில் மனிதர்களே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. நிலைய மேலாளர் மசாவோ யோஷிடா இருந்தார். உலைக்குள் கடல்நீரைப் பாய்ச்சிக்கொண்டிருந்தபோது தலைமையகத்திலிருந்து, பிரதமர் அலுவலகத்தின் ஒப்புதல் வரவில்லை, நிறுத்து என்றார்கள். அவர் பொறுப்பாளரைப் பக்கத்தில் அழைத்து, இப்போது நிறுத்தச் சொல்வேன், நீ நிறுத்தாதே என்று காதில் சொல்லிவிட்டு, கேமரா முன்னால் உரத்த குரலில் நிறுத்தச் சொல்லி உத்தரவிட்டார். தண்ணீர் நிற்கவில்லை. ஜப்பானைக் காப்பாற்றிய பாதுகாப்பு நடைமுறை, மேலதிகாரியின் பேச்சைக் கேட்காமல் இருந்ததுதான்.

இதைவிட ஒன்று இருக்கிறது. அணு விபத்து நடந்தால் அதைக் கையாள்வதற்கென்றே நிலையத்திலிருந்து 5 கிலோமீட்டரில் ஒரு அவசர மையம் கட்டிவைத்திருந்தார்கள். அந்தக் கட்டடத்தில் கதிரியக்கத் தூசியைத் தடுக்கும் காற்று வடிகட்டி இல்லை. வைக்கச் சொல்லி 2009லேயே இன்னொரு அமைச்சகம் எழுதியிருந்தது. வைக்கவில்லை. கரண்டும் போனும் முதலில் போயின. மார்ச் 15ஆம் தேதி, அணு விபத்தைக் கையாளும் அவசர மையத்திலிருந்த அதிகாரிகள், அணு விபத்து காரணமாக மையத்தைக் காலிசெய்துவிட்டு ஃபுகுஷிமா நகரத்துக்குப் போய்விட்டார்கள்.

கதிரியக்க மேகம் எந்தத் திசையில் போகும் என்று கணிக்க ஸ்பீடி என்று ஒரு கணினி அமைப்பும் இருந்தது. கணித்தும் விட்டது. ஆனால் மக்களுக்குச் சொல்லவில்லை. பீதி கிளம்பிவிடுமாம், தரவு அரைகுறையாம். நமியே நகரத்து மக்கள் குழந்தைகுட்டிகளோடு வடமேற்கே ட்சுஷிமா என்ற மலைப்பகுதிக்கு ஓடி, அங்கே நாள்கணக்கில் தங்கினார்கள். மேகமும் அங்கேதான் போனது. அமெரிக்க ராணுவத்துக்கு அந்தத் தரவு மார்ச் 14லேயே கிடைத்தது. நமியேவின் தாய்மார்கள் உட்பட உலகத்துக்கு அது வெளியிடப்பட்டது மார்ச் 23ஆம் தேதி. மிஹரு என்ற சின்ன நகராட்சி யாருக்கும் காத்திராமல் அயோடின் மாத்திரைகளைத் தன் மக்களுக்குக் கொடுத்தது. உத்தரவில்லாமல் கொடுத்தது தவறு, திரும்ப வாங்கு என்றது மாகாண நிர்வாகம். முடியாது என்றார்கள். இவ்வளவு பெரிய நாடகத்தில் நிர்வாகத்துக்குச் சட்டென்று கோபம் வந்த இடம் இதுதான்: ஒருவன் வேலையைச் சரியாகச் செய்தபோது.

கதிர்வீச்சால் யார் செத்தார்கள் என்று ஒரு கூட்டம் இப்போதும் கேட்டுக்கொண்டிருக்கிறது. படுக்கையிலிருந்த முதியவர்களைப் பேருந்தில் ஏற்றி ஊர் ஊராக அலைக்கழித்ததில் வழியிலேயே போனவர்கள், முகாம்களில் போனவர்கள், தற்கொலை செய்துகொண்ட விவசாயிகள் எல்லாம் அவர்கள் கணக்கில் வரமாட்டார்கள். பேரிடர் சார்ந்த சாவுகள் என்று ஃபுகுஷிமா மாகாணம் ஏற்றுக்கொண்டவை மட்டும் 2,300க்கும் மேல். நிலநடுக்கமும் அலையும் அந்த மாகாணத்தில் நேரடியாகக் கொன்றவர்களைவிட இது அதிகம். என் கட்சிக்காரர் இந்தக் கணக்கைக் குறித்துக்கொள்ளச் சொல்கிறார்.

இந்தக் கட்டத்தில் நம் நாட்டு மேதைகளை விட்டுவிட்டால் பாவம். உலைக் கட்டடங்கள் டிவியில் வெடித்துக்கொண்டிருந்த அதே வாரத்தில், இந்திய அணுமின் கழகத்தின் தலைவர் எஸ்.கே. ஜெயின், ஃபுகுஷிமாவில் அணு விபத்து எதுவும் நடக்கவில்லை, நன்கு திட்டமிட்ட அவசரகாலத் தயார்நிலை நடவடிக்கைதான் நடக்கிறது என்றார். அணுசக்தி ஆணையத் தலைவர் ஸ்ரீகுமார் பானர்ஜி, அது வெறும் இரசாயன வினை என்றார். கூடங்குளம் அணுமின் நிலையத்துக்குப் பக்கத்து இடிந்தகரையிலும் டிவி இருந்தது. ஒரு கட்டடத்தின் கூரை பறப்பதைக் கண்ணால் பார்த்த மீனவப் பெண்ணிடம், நீ பார்த்தது கூரை பறந்ததை அல்ல, தயார்நிலையை என்று சொன்னால் அவள் எங்கே போய் உட்காருவாள்? லூர்து மாதா கோயில் போராட்டப் பந்தலில் போய் உட்கார்ந்தாள்.

அவளுடைய பயத்துக்கு அரசு செய்த வைத்தியங்கள் பலவகை. முன்னாள் குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் 2011 நவம்பரில் வந்து பார்த்து, முழுப் பாதுகாப்பு என்று சொல்லி, 200 கோடி ரூபாயில் சுற்றுப்புறத்துக்கு ஒரு வளர்ச்சித் திட்டத்தையும் சொன்னார். வெளிநாட்டுத் தொண்டு நிறுவனங்களின் தூண்டுதல் என்றார் பிரதமர் மன்மோகன் சிங். போராடுகிறவர்களுக்கு ஆலோசனை சொல்ல பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவர்களை நாடினார்கள். எதுவும் பலிக்கவில்லை என்றதும் நோயாளிகள் ஆயிரக்கணக்கானோர் மீது தேசத்துரோக வழக்கு. கூடங்குளம் உலை வேறு வகை, கூடுதல் ஏற்பாடுகள் உள்ளது என்பார்கள். இருக்கட்டும். மருத்துவரையும் போலீசையும் அனுப்பும் முன் அந்தக் கேள்விகளுக்கு உட்கார்ந்து பதில் சொல்லியிருக்க முடியாதா?

டெப்கோ அதிகாரிகளை 2019ல் விடுதலை செய்த டோக்கியோ நீதிமன்றம் ஒரு பெரிய உண்மையைப் போட்டு உடைத்தது. சுனாமியின் எல்லாச் சாத்தியங்களையும் எண்ணிப்பார்த்து ஏற்பாடு செய்யச் சொன்னால் அணுமின் நிலையத்தை இயக்கவே முடியாமல் போகும் என்ற பொருளில் தீர்ப்பு எழுதியது. இடிந்தகரைப் பெண்கள் சொன்னதும் இதையேதான். நீதிபதி சொன்னால் அது விடுதலைக்குக் காரணம். மீன்காரி சொன்னால் தேசத்துரோகப் பிரிவு 124ஏ.

முன்கூட்டியே அறிய முடியாது என்ற வாதத்துக்கு எதிரிலேயே ஒரு சாட்சி நிற்கிறது: ஒனகவா அணுமின் நிலையம். ஃபுகுஷிமா தாயிச்சியைவிட நிலநடுக்க மையத்துக்கு அருகில் இருப்பது. அதைக் கட்டியபோது யனோசுகே ஹிராய் என்ற தொஹோக்கு மின் கம்பெனிக்காரர், 869ல் வந்தவர் மறுபடி வருவார் என்று பிடிவாதம் பிடித்தார். கூட இருந்தவர்கள் 12 மீட்டர் போதும் என்றபோதும் தரைமட்டத்தை 14.8 மீட்டரில் வைக்கச் செய்தார். 2011ல் அங்கே வந்த அலை 13 மீட்டர். தரையே ஒரு மீட்டர் தாழ்ந்தும் நிலையம் தாங்கியது. வீடிழந்த ஊர்மக்கள் முந்நூறுக்கும் மேற்பட்டோர் அந்த நிலைய வளாகத்துக்குள்ளேயே அடைக்கலம் புகுந்தார்கள். ஹிராய் 1986லேயே இறந்துவிட்டார். இல்லாவிட்டால் தேவையில்லாமல் மேடு எழுப்பிப் பங்குதாரர் பணத்தை வீணடித்ததற்கு அவரிடம் விளக்கம் கேட்டிருப்பார்கள். பங்குதாரர் பேச்சு வந்ததால் அதையும் சொல்லிவிடுகிறேன்: டெப்கோ பங்குதாரர்கள் போட்ட வழக்கில் முன்னாள் அதிகாரிகள் நால்வர் 13 லட்சத்து 32 ஆயிரம் கோடி யென் தர வேண்டும் என்று 2022ல் ஒரு நீதிமன்றம் சொன்னது. 2025 ஜூனில் மேல் நீதிமன்றம் அதைப் பூஜ்யமாக்கியது.

துப்புரவுப் பணி எப்படி நடக்கிறது? மூன்று உலைகளுக்குள்ளும் உருகிக் கிடக்கும் எரிபொருள் கழிவு சுமார் 880 டன் என்கிறார்கள். மாதிரிக்கு ஒரு துளி எடுக்க, தூண்டில்போல் நீளும் கருவியை 2024 ஆகஸ்டில் தயார்செய்தார்கள். குழாய்களை வரிசை மாற்றிப் பொருத்திவிட்டதால் அன்றைக்கு வேலை நின்றது. நவம்பரில் 0.7 கிராம் எடுத்தார்கள். 2025 ஏப்ரலில் இன்னொரு 0.2 கிராம். ஆக 14 ஆண்டுகளில் 0.9 கிராம். இந்த வேகத்தில் 880 டன்னையும் அள்ள 1,370 கோடி ஆண்டுகள் ஆகும். பிரபஞ்சத்தின் வயது 1,380 கோடி. இது அநியாயமான கணக்கு என்று எனக்கும் தெரியும், போகப்போக வேகம் கூடும். முழுவீச்சில் அள்ளத் தொடங்குவது 2037க்குப் பிறகு என்று அவர்களே அறிவித்திருக்கிறார்கள்.

டெப்கோவிடம் இன்னொரு நிலையம் இருக்கிறது. கஷிவாசாகி கரிவா, ஏழு உலைகள், உலகிலேயே பெரியது. 2020ல் அங்கே ஓர் ஊழியர் சக ஊழியரின் அடையாள அட்டையைக் காட்டிக் கட்டுப்பாட்டு அறைக்குள் போய்விட்டு வந்தார். ஒழுங்குமுறை ஆணையம் தடை போட்டது. தடை அமலில் இருந்தபோதே 2023ல் இன்னோர் ஊழியர், வீட்டிலிருந்து வேலை பார்ப்பதற்காக எடுத்துப்போன நிலைய ஆவணங்களைக் காரின் கூரைமேல் வைத்துவிட்டு, மறந்து, வண்டியை ஓட்டிக்கொண்டு போனார். தாள்கள் பறந்தன. அதே ஆண்டு டிசம்பரில் கம்பெனி திருந்திவிட்டது என்று தடையை நீக்கினார்கள்.